பால் வெள்ளை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று சொல்கிறவர்கள் என் மூக்கைச் சரியாகப் பார்த்ததில்லை. நுனியில் மட்டுமா, மூக்கு முழுக்கவே அதுதான். பிறந்த குழந்தைகள் வார்டில் பதினான்கு வருடமாக நர்ஸ் வேலை. கை கழுவாமல் தொட்டிலுக்குள் விரல் நீட்டுகிற அப்பாக்களையும், இருமிக்கொண்டே ‘ஒரே ஒரு முத்தம்’ என்று குனிகிற அத்தைகளையும் விரட்டி விரட்டி வந்த கோபம். வார்டில் எனக்கு ‘மிளகாய் சிஸ்டர்’ என்று பெயர். என் காதுபடவே அப்படிக் கூப்பிடுகிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

என் தங்கைக்கு முதல் குழந்தை பிறந்தது. பையன். மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. பேறுகாலத்துக்கு என்னிடம் வந்துவிடு, என் ஆஸ்பத்திரியில் என் கண் முன்னால் பெற்றுக்கொள் என்று ஏழாம் மாதத்திலிருந்தே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் தன் ஊரிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஏழு மணி நேர ரயில் பயணம். அம்மா இறந்துபோனபோது அவளுக்கு எட்டு வயது. தலை பின்னிவிட்டது, பள்ளிக்கு அனுப்பியது, காய்ச்சலுக்குக் கண்விழித்தது எல்லாம் நான். ‘சரி குட்டி, உன் இஷ்டம்’ என்றேன். நான் ‘உன் இஷ்டம்’ என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

குழந்தை பிறந்த அன்று போனில் சிரித்தேன், அழுதேன், ஆனால் கிளம்பவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும், கேட்கவில்லை. அவளாகக் கூப்பிடட்டும், போகலாம் என்று வீம்பு. என் வீட்டுக்காரர், ‘போய்ப் பாத்துட்டுத்தான் வாயேன்’ என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

போகவில்லையே தவிர விட்டுவிடவும் இல்லை. நான், தங்கை, அவள் வீட்டுக்காரர் மூன்று பேர் மட்டும் இருக்கிற ஒரு குரூப் உண்டு. அதில் தினமும் குழந்தையின் படம் வந்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டேன்.

படம் எடுத்து அனுப்புகிற பொறுப்பு தங்கையின் வீட்டுக்காரருடையது. அவர் பெயின்ட் கடையில் கலர் கலக்குகிறவர். டப்பாவில் இருக்கிற வெள்ளையில் மெஷின் சொட்டுச் சொட்டாக நிறத்தை விடும், குலுக்கும். அதுவரைக்கும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதற்குப் பிறகு, வாங்க வந்தவர் கொண்டுவந்த உடைந்த டைல்ஸ் துண்டையோ பழைய திரைச்சீலையையோ பக்கத்தில் வைத்துப் பார்த்து, ‘இன்னும் அரைச் சொட்டு கறுப்பு விடணும்’ என்று சொல்ல ஒரு கண் வேண்டும். அந்தக் கண் அவருக்கு உண்டு. கடையில் அவரைக் ‘கலர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளையில் மட்டுமே பதினெட்டு வகை சொல்வார்.

முதல் தடவை என் வீட்டுக்கு வந்தபோது சுவரைப் பார்த்துவிட்டு, “அக்கா, உங்க வெள்ளையில மஞ்சள் ஏறிடுச்சு” என்றார்.

“எனக்கு வயசும்தான் ஏறிடுச்சு தம்பி. அதுக்கு என்ன பண்ண?” என்றேன்.

பாவம், அன்று முழுக்க அவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவருடைய தொழிலில் வெள்ளையில் மஞ்சள் ஏறுவதைப்போல ஒரு குற்றம் கிடையாது. எங்கே மஞ்சள் சாயல் தெரிந்தாலும் அதை எப்படி எடுப்பது என்றுதான் அவர் கை பரபரக்கும்.

போன வருடம் அவருக்குப் புதிதாக ஒரு பைத்தியம் பிடித்தது. போனில் எடுக்கிற படங்களுக்கான இலவசப் பிரீசெட்டுகள். யாரோ ஒரு புண்ணியவான் தன் படத்தைத் திருத்த வெளிச்சத்தை இவ்வளவு, நிழலை இவ்வளவு, பச்சையை இவ்வளவு என்று பார்த்துப் பார்த்து நகர்த்தி வைத்திருப்பார். அந்த அளவுகளை எல்லாம் மொத்தமாகப் பொட்டலம் கட்டி ஊருக்குக் கொடுத்துவிடுகிறார். நம் படத்தின்மேல் ஒரு தட்டுத் தட்டினால் அதே மெருகு நம் படத்துக்கும் வந்துவிடும். “நூத்தி இருபது பிரீசெட் அக்கா! சல்லிக்காசு வேண்டாம். மெயில் ஐடி குடுத்தா போதும்” என்று அவர் சொன்னபோது குரலே மாறியிருந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எதுவும் தன் சொந்த நிறத்தில் இருந்ததில்லை. காலையில் தின்கிற ரொட்டி ‘இளவெயில்’ ஆனது. பஸ் ஸ்டாப் ‘பழைய ஃபிலிம்’ ஆனது. மழைத் தண்ணீர் தேங்கிய தெருப் பள்ளம் ‘கடலோரம்’ ஆனது. என் படம் ஒன்றையும் தட்டி அனுப்பினார். எனக்குப் பத்து வயது குறைந்திருந்தது. “இதெல்லாம் சுத்த ஏமாத்து வேலை தம்பி” என்று திட்டிவிட்டு, அதையே என் புரொஃபைல் படமாக வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் வந்த படத்தைப் பார்த்து நான் உருகிப்போனேன். வெள்ளைத் துணி, வெள்ளைத் தலையணை, நடுவில் ரோஜா நிறத்தில் ஒரு முகம். கன்னத்தில் ஒரு மாசு இல்லை, மரு இல்லை. ‘பால் வெள்ளை’ என்கிற பிரீசெட் போட்டதாம், குழந்தைகளுக்கென்றே செய்ததாம். எனக்கு எதுவானால் என்ன? வார்டில் ஒருவர் விடாமல் காட்டினேன். துடைப்பம் பிடித்திருந்த ஆயாவை நிறுத்திக் காட்டினேன். எங்கள் பெரிய டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்து, “உங்க கோபம் மட்டும் வராம இருந்தா பையன் பிழைச்சுக்குவான் சிஸ்டர்” என்றார். அன்றைக்கு எனக்கு அதற்குக்கூடக் கோபம் வரவில்லை.

நான்காம் நாள் காலை தங்கை போன் செய்தாள்.

“அக்கா, இன்னைக்குப் பிள்ளையைக் காட்ட வரச் சொல்லியிருந்தாங்க. எனக்குத் தையல் இழுத்துப் பிடிக்குது. வெளிய மழை வேற. ரெண்டு நாள் கழிச்சுப் போனா ஆகாதா?”

“பால் குடிக்கிறானா?”

“எழுப்பி எழுப்பித்தான் குடுக்கிறேன். எந்நேரமும் தூக்கம்.”

அன்றைய படம் ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் வந்திருந்தது. பேசிக்கொண்டே அதைத் திறந்து பார்த்தேன். அதே ரோஜா நிறம்.

“பச்சைப் பிள்ளைன்னா தூங்காம ஆடுமா? நீயும் கூடச் சேர்ந்து தூங்கு. திங்கட்கிழமை போய்க்கலாம்” என்றேன்.

என் வார்டில் வேறொரு தாய் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், ‘இந்த நிமிஷமே பிள்ளையைத் தூக்கிட்டு வா’ என்று கத்தியிருப்பேன். நேரில் தொட்டுப் பார்க்காத ஒரு குழந்தையைப் பற்றி நான் ஒருபோதும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் இது எங்கள் பிள்ளை. எங்கள் பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று, படத்தைப் பார்த்து நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். இதை எழுதும்போதுகூட என் கை கூசுகிறது.

ஐந்தாம் நாள் ஒரு தொப்பியால் சண்டை வந்தது. குழந்தைக்கென்று நான் ஒரு கம்பளித் தொப்பி பின்னி அனுப்பியிருந்தேன். டியூட்டி இடைவேளைகளில் மூன்று வாரம் பின்னியது. நல்ல முட்டைக்கரு மஞ்சள். பார்சல் முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிட்டது. காலையில் வந்த படத்தில் பையன் தொப்பி போட்டிருந்தான். வெள்ளைத் தொப்பி.

எனக்குச் சுருக்கென்றது. யாரோ கடையில் வாங்கிக் கொடுத்த தொப்பி தலையில் இருக்கிறது, மூன்று வாரம் கண் வலிக்கப் பின்னினவளுடையது பெட்டியில் கிடக்கிறது. என் ஆஸ்பத்திரியும் வேண்டாம், என் தொப்பியும் வேண்டாம். மருந்து டிராலியை அப்படியே நிறுத்திவிட்டு வராண்டாவுக்கு வந்து போன் போட்டேன்.

“ஏன்டி, நான் பின்னின தொப்பி உங்க பிள்ளைக்கு ஆகாதோ?”

“என்னக்கா சொல்ற? அதைத்தானே போட்டிருக்கான்.”

“நான் அனுப்பினது மஞ்சள். இது வெள்ளை. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?”

“ஐயோ அக்கா, அதேதான் இது. ஓரத்துல நீ போட்ட ரெட்டைப் பின்னல் இருக்கு பாரு. இவர் அந்தப் பால் வெள்ளைய போடுறார்ல, அதுல மஞ்சளெல்லாம் போயிடும்.”

மஞ்சளெல்லாம் போய்விடும்.

வாயில் தயாராக இருந்த திட்டு வாயிலேயே நின்றது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரெட்டைப் பின்னல் இருந்தது. முட்டைக்கருவை வெள்ளையாக்குகிற ஒன்று, ஒரு குழந்தையின் தோலில் இருக்கிற மஞ்சளை விட்டு வைக்குமா? எழுப்பி எழுப்பிப் பால் கொடுக்கிறேன் என்று அவள் சொன்னது அப்போதுதான் என் காதில் சரியாக விழுந்தது.

“போனை அவர்கிட்ட குடு.”

“என்னக்கா ஆச்சு?”

“குடுன்னா குடு!”

அவர் வந்தார். “தம்பி, எதுவும் கேக்காதீங்க. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அந்த ரூமை விட்டு வெளிய வாங்க. தெருப்பக்கம், பகல் வெளிச்சத்துக்கு. வந்தாச்சா? சட்டையை விலக்குங்க. நெஞ்சுல விரலை வச்சு மெதுவா அமுக்கி எடுங்க. எடுத்த உடனே அந்த இடத்துல என்ன நிறம்?”

தெருவில் ஒரு ஸ்கூட்டர் போகிற சத்தம் கேட்டது. வெள்ளைக்குப் பதினெட்டுப் பெயர் சொல்கிற மனிதர் ஒன்றும் சொல்லவில்லை.

“தம்பி!”

“மஞ்சள் அக்கா.”

“வயித்துல?”

“மஞ்சள்.”

“முழங்காலுக்குக் கீழ?”

“அங்கயும்தான் அக்கா.” அவர் குரல் உடைந்தது. “இது எங்க சுவர் மஞ்சள் இல்ல அக்கா. இது வேற.”

அப்போதுதான் விஷயம் முழுதாகப் புரிந்தது. அவர்கள் படுக்கையறைக்கு எலுமிச்சை மஞ்சள் அடித்திருந்தார்கள். நிறம் ஒத்துவரவில்லை என்று யாரோ திருப்பிக் கொடுத்த இரண்டு டின்னைக் கடை முதலாளி இவருக்கே கொடுத்துவிட்டார். ஒரே ஜன்னல், அதற்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். பகலிலும் விளக்குப் போட வேண்டிய அறை. அதற்குள் தலையணை மஞ்சள், அவள் நைட்டி மஞ்சள், அவர்கள் கைகூட மஞ்சள். பிள்ளையும் மஞ்சளாகத் தெரிந்தால் யார் என்ன நினைப்பார்கள்? சுவர் அடிக்கிற சாயல் என்று நினைத்து அவர் அதைப் படத்திலிருந்து எடுத்தார். எடுத்த படத்தைப் பார்த்து நான் நன்றாக இருக்கிறான் என்றேன். அக்காவே சொல்லிவிட்டாள் என்று அவர்கள் நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.

“எதையும் தட்டாம ஒரு படம் எடுத்து அனுப்புங்க” என்றேன். வந்தது. பதினான்கு வருடத்தில் அந்தக் காமாலை நிறத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பிள்ளையின் கால்களில் பார்த்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. துணி, பை, தண்ணின்னு எதையும் தேடாதீங்க. போற வழியிலயும் பால் குடுக்கச் சொல்லுங்க.” அதோடு நிறுத்தியிருக்கலாம். நான்தான் மிளகாயாயிற்றே. “பிள்ளையை என்ன பெயின்ட் டப்பான்னு நினைச்சீங்களா, கலர் மாத்தி அனுப்புறதுக்கு? பெத்த பிள்ளை என்ன நிறம்னு தெரியாதவருக்கு எதுக்கு அந்த வேலை?”

“சரி அக்கா” என்றார். அவ்வளவுதான்.

லீவு கேட்க எனக்கு ஒரு நிமிடம்தான் ஆனது. யூனிபார்மை மாற்றாமலே ரயில் ஏறினேன். பாதி வழியில் தங்கை போன் செய்தாள். ரத்தத்தில் காமாலை எவ்வளவு என்று எண்ணைச் சொன்னாள். அந்த எண் எனக்கு என்ன சொன்னது என்று அவளிடம் நான் சொல்லவில்லை. “நல்ல நேரத்துக்குப் போயிட்டீங்க” என்று மட்டும் சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் அழுதுகொண்டிருப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். மஞ்சளை இறக்குகிற நீல விளக்குக்குக் கீழே, கண்ணுக்கு மேல் ஒரு பட்டை கட்டி, டயபரோடு கிடந்தான் எங்கள் பயல். தினமும் நான் எத்தனை பிள்ளைகளை இப்படிக் கிடத்துகிறேன்! ‘ஒண்ணுமில்லம்மா, வெறும் லைட்தான்’ என்று எத்தனை தாய்மார்களிடம் சொல்லியிருக்கிறேன்! ஒன்றுமில்லாததா இது? என் நடுவிரல் நீளமே இருந்த அந்தப் பாதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தங்கை என் தோளில் தலையைச் சாய்த்தாள்.

அவளிடம் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் வராண்டாவில் நின்ற அவர்மேல் கொட்டினேன்.

“கடையில கண்ணுக்குத்தான் சம்பளம் வாங்குறீங்க. வீட்டுக்கு வந்தா அதைக் கழட்டி வச்சிடுவீங்களா? இலவசமாக் கிடைக்குதுன்னா எதை வேணாலும் பிள்ளை மூஞ்சியில பூசுவீங்களா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தங்கைதான் தாங்க முடியாமல், “அக்கா, அன்னைக்கு நீதானே” என்று ஆரம்பித்தாள்.

“விடு” என்றார் அவர். “அக்கா காலையிலேருந்து சாப்பிட்டிருக்க மாட்டாங்க. முதல்ல உக்காரட்டும்.”

நான்தானே செக்-அப்பைத் தள்ளிப் போடச் சொன்னேன், அதைச் சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். அது என் நெஞ்சில் கல்லாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வந்தார். சின்ன வயது, என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். “இன்னும் ஒரு நாள் விட்டிருந்தீங்கன்னா ரத்தம் மாத்த வேண்டி வந்திருக்கும். இது மூளைக்கு ஏறினா காது போகும், இன்னும் என்னென்னவோ ஆகும். நேத்தே வரச் சொல்லித்தானே அனுப்பினோம்? யாரு தள்ளிப் போடச் சொன்னது?”

தங்கை என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவள் உதட்டைக் கடித்ததில் எட்டு வயதுக் குட்டி தெரிந்தாள்.

“நான்தான் டாக்டர்” என்றேன். “பிறந்த குழந்தைங்க வார்டுல நர்ஸ். போட்டோவைப் பாத்துட்டுச் சொன்னேன்.”

அவர் என் யூனிபார்மைப் பார்த்தார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். “நம்ம வீட்டுப் பிள்ளைன்னா நமக்குக் கண்ணு தெரியாது சிஸ்டர்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த இரண்டு நாளும் நாங்கள் மூன்று பேரும் அந்த வராண்டாவிலும் வார்டிலுமாக இருந்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால். தங்கை சோர்ந்து போனால் நான் குழந்தையைப் பிடித்துக்கொள்வேன். அவர் ஓடி ஓடி வேலை செய்தார். பால் பாட்டிலைக் கொதிக்க வைத்தார், டயபர் வாங்கி வந்தார், தங்கைக்குத் தலை சீவிவிட்டார், அதுவும் கோணல் வகிடாக. போனை மட்டும் பையிலிருந்து எடுக்கவே இல்லை. எல்லாப் பிரீசெட்டையும் அழித்துவிட்டாராம், தங்கை சொன்னாள்.

“இன்னைக்கே போய் அந்த ரூமுக்கு வெள்ளை அடிச்சிட்டு வந்திடறேன் அக்கா” என்றார் ஒருமுறை.

“பச்சைப் பிள்ளை வரப்போற வீட்டுல பெயின்ட் வாடை அடிக்கணுமா? கட்டிலைத் தூக்கி முன் ரூம் ஜன்னல்கிட்ட போடுங்க, போதும். எதையும் யோசிச்சே செய்ய மாட்டீங்களா?” என்றேன்.

“சரி அக்கா.”

என்ன சொன்னாலும் அந்த ‘சரி அக்கா’தான். அதைக் கேட்கக் கேட்க எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. இவருக்கு ரோஷமே கிடையாதா என்றுகூட நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்றாம் நாள் காலை ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. விளக்கை அணைத்தார்கள். கண்ணில் கட்டியிருந்த பட்டையை நானே எடுத்தேன். அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான், பார்த்துவிட்டுக் கர்ர் என்று ஒரு கத்து கத்தினான். மூக்கில் வெள்ளைப் புள்ளிகள், நெற்றியில் தோல் உரிந்துகொண்டிருந்தது, ஒரு காது மடங்கியிருந்தது. அந்தப் படங்களில் இருந்த பிள்ளையில் கால்வாசி அழகுகூடக் கிடையாது. அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். விடவே மனசில்லை.

மதியம் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். டாக்டரம்மா காகிதம் எழுதும்போது, “மஞ்சள் முதல்ல எப்பத் தெரிஞ்சுது? இங்கேருந்து வீட்டுக்குப் போன அன்னைக்கே இருந்துதா?” என்று கேட்டார். தங்கைக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று ஏதாவது படம் இருந்தால் பார்த்துச் சொல்கிறேன் என்று வராண்டாவுக்கு வந்து, போனை எடுத்து, எங்கள் குரூப்பை மேலே மேலே தள்ளினேன்.

பிறந்த மூன்றாம் நாள் வந்த ரோஜா நிறப் படத்துக்கு மேலே இன்னொரு படம் இருந்தது. வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் அனுப்பியது. எதுவும் தட்டாத படம். மங்கலான அறை, எலுமிச்சைச் சுவர், அழுக்கு வெளிச்சத்தில் கண்ணை மூடிக் கிடந்த பையன். அதற்குக் கீழே என் பதில். டியூட்டி முடித்து பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் போட்டிருக்கிறேன்.

‘ஏன் எல்லாம் இப்படி மஞ்சளா இருக்கு? அது வீடா குடோனா? பிள்ளையை லட்சணமா ஒரு படம் எடுத்து அனுப்பத் தெரியாதா? இதை நான் எப்படி நாலு பேருக்குக் காட்டுறது?’

அதற்குக் கீழே அவர்: ‘மன்னிச்சுக்கோங்க அக்கா. சுவர் கலர் அடிக்குது. நாளைலேருந்து மஞ்சளை எடுத்துட்டு அனுப்பறேன்.’

அதற்கும் கீழே மறுநாள் படம். அதற்கு நான் மூன்று இதயம் போட்டு, ‘இதுதான் படம்!’ என்று எழுதியிருக்கிறேன்.

நான் எழுதியது எனக்கு நினைவே இல்லை. ஒரு நாளைக்கு இப்படி எத்தனை பேருக்கு எத்தனை சொல்கிறேன்! எய்துவிட்டு நான் போய்விடுகிறேன், வாங்கினவர்கள்தான் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். ‘அன்னைக்கு நீதானே’ என்று தங்கை ஆரம்பித்ததும், ‘விடு’ என்று அவர் தடுத்ததும் எதற்கென்று இப்போது தெரிந்தது. மூன்று நாளாக டப்பா என்றேன், கண் இல்லை என்றேன், ரோஷமில்லை என்று மனசுக்குள் வேறு சொன்னேன். இந்த ஒரு பதிலை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டியிருந்தால் நான் அன்றே வாயடைத்துப் போயிருப்பேன்.

அவர் வராண்டாக் கோடியில், குடிதண்ணீர்க் குழாயில் பாட்டில் பிடித்துக்கொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“தம்பி.”

திரும்பினார். போனை நீட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி பாட்டில் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“தெரியும் அக்கா.”

“தெரிஞ்சும் ஏன் வாயைத் திறக்கல? மூணு நாளா உங்களை நான் கேட்காத கேள்வியா? கடைசியில எல்லாத்துக்கும் காரணம் நான்தானே.”

“தட்டினது என் கைதானே அக்கா.”

“தட்ட வச்சது என் வாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

என்னைப் பார்க்காமலே சொன்னார். “சொல்லிட்டா அப்புறம் நீங்க எங்களை ஒண்ணுமே கேக்க மாட்டீங்களோன்னு பயம். தொப்பி எங்கன்னு சண்டை போட்டீங்கல்ல அக்கா. அன்னைக்கு நீங்க கோவிச்சுக்கிட்டு, சரி போகட்டும்னு பேசாம இருந்திருந்தா…” முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீங்க கேட்டுக்கிட்டே இருக்கணும் அக்கா. எங்களுக்கு வேற யாரு இருக்கா கேக்க?”

வாயை மூடு என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. என் வாயைச் சகித்துக்கொண்டு கூடவே இருக்கிறவரும் வீட்டில் ஒருவர் உண்டு. நிறுத்தாதே என்று சொன்ன முதல் ஆள் இவர். நான் அந்த வராண்டாவில், இரவில் அலசிப் போட்டு உடுத்திய அதே யூனிபார்மோடு, போகிற வருகிற நர்ஸுகள் பார்க்க, முந்தானைகூட இல்லாமல் கைக்குட்டையைத் தேடித் தேடி அழுதேன்.

“தப்பு என்னுதுதான் தம்பி. மன்னிச்சுடுங்க.”

“ஐயோ, என்னக்கா நீங்க” என்றார் அவர். பாட்டில் நிறைந்து, வழிந்து, அவர் செருப்பை நனைத்து என் செருப்பு வரைக்கும் வந்துவிட்டது.

“தண்ணி வழியுது பாருங்க! குழாயை மூடுங்க தம்பி, எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?” என்று அதட்டினேன். முதல் தடவையாகத்தான் சொன்னேன்.

“சரி அக்கா” என்று சிரித்துக்கொண்டே மூடினார்.